பிள்ளைக்கு இன்னொரு சிடி ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: "எங்க ஊரு ராதாபுரம் பக்கம். மகனுக்கு 4 வயசு. போன மாசம் மச்சுப்படி உச்சியில இருந்து உருண்டு விழுந்துட்டான். ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயி தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இப்போ அப்பப்ப தலை வலிக்குன்னு சொல்லுதான். மத்தபடி ஓடி விளையாடுதான், சாப்பிடுதான். வேற டாக்டர்ட்ட காட்டப் போனப்ப பழைய ஃபிலிமைக் கொண்டுபோகலை. இன்னொரு தடவை எடுத்துப் பாத்துரலாம்னு சொல்லுதாரு. மைனி என்னன்னா, ஒரு சிடி எடுத்தா நானூறு எக்ஸ்ரே எடுத்ததுக்குச் சமம், பிள்ளைக்குப் புற்றுநோய் வந்துரும்னு பயங்காட்டுதாக. நான் மூணு மாசம் முழுகாம இருக்கேன். போன தடவை ஈயக் கவுனைப் போட்டுக்கிட்டு நான்தான் அவன் பக்கத்துல நின்னேன். எங்க அப்பாவுக்கு 58 வயசு, கிட்னி கல்லுக்காக ஒன்றரை வருசத்துல மூணு சிடி எடுத்தாச்சு. கூடங்குளம் வேற பக்கத்துல இருக்கு. மகன் ஸ்கேன் தாளும் அப்பாவோட கடைசி ஸ்கேன் தாளும் அனுப்பியிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க."

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகனைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இன்னொரு சிடிக்கு இப்போது அவசரம் தெரியவில்லை. தலையில் அடிபட்ட பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் தலைவலி வந்து வந்து போவதுண்டு. முதலில் நடக்க வேண்டியது, அந்தப் பழைய ஸ்கேனோடு ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டி, அவர் பிள்ளையின் நடை, கண், கை கால் பலம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது. ஃபிலிம் கையில் இல்லை என்பதற்காக மறுபடி எடுப்பது நியாயமே இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் பெயர், தேதி, ரசீது எண் சொன்னால் கம்ப்யூட்டரில் இருந்து குறுந்தகட்டில் பதிந்து தருவார்கள். ஃபிலிமைவிட அதுதான் நல்லது. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். குறுந்தகட்டில் எல்லாப் படமும் இருக்கும்.

ஆனால் கீழே சொல்பவற்றில் ஒன்று தென்பட்டாலும் கதிர்வீச்சைக் கணக்குப் பார்க்கவே கூடாது. நாளுக்கு நாள் தலைவலி கூடுவது, விடியற்காலையில் வலியோடு எழுந்து வாந்தி எடுப்பது, நடை தள்ளாடுவது, கண் மாறுகண்ணாவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் வடிவது. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ, ஸ்கேன் வசதி உள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோய்விடுங்கள்; ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மறுவார்த்தை பேசாமல் எடுங்கள். அவசரம் இல்லாமல் தலைக்குள் பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் நினைத்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள். அதில் எக்ஸ் கதிர் கிடையாது. ஒரே குறை, இருபது முப்பது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்குத் தூக்க மருந்து தேவைப்படலாம்.

போன மாதம் எடுத்த ஸ்கேன் சரிதானா என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்ட குழந்தைகளில் யாருக்கு சிடி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பார்க்க அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட ஒரு விதி உண்டு. அதன்படி இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்து விழுவது ஒரு குறி. வாந்தி இன்னொரு குறி. ஒரு குறி மட்டும் இருந்தால் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனித்துவிட்டு, தேறிவிட்டால் ஸ்கேன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். உங்கள் மகனுக்கு இரண்டு குறிகள் இருந்தன. அன்று எடுத்தது தவறில்லை.

இனி அந்தத் தாள். ஸ்கேன் முடிந்ததும் கருவி தானாகவே ஒரு பக்கத்தை எழுதி வைக்கும்; படங்களின் வரிசையில் கடைசியில் இருக்கும். டோஸ் ரிப்போர்ட் என்பார்கள்; டோஸ் என்றால் கதிரின் அளவு. பலர் அதை அச்சடித்துக் கொடுப்பதில்லை, கேட்டால் கொடுப்பார்கள். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று சி.டி.டி.ஐ. வால்யூம், மில்லிகிரே என்ற கதிர் அலகில் இருக்கும். மற்றது டி.எல்.பி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு ஒப்பிட்டால், முதல் எண் ஒரு சென்ட் நிலத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது; இரண்டாவது, மொத்த வயலுக்கும் சேர்த்து எவ்வளவு தண்ணீர் செலவானது என்பது. எத்தனை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஸ்கேன் ஓடியதோ அதை முதல் எண்ணோடு பெருக்கினால் இரண்டாவது வரும்.

மகனின் தாளில் சி.டி.டி.ஐ. 24, டி.எல்.பி. 384 என்றிருக்கிறது. 16 சென்டிமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சிறுபிள்ளையின் தலைக்கு அளவான நீளம். ஒன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தலை ஸ்கேனுக்கு ஐரோப்பிய வழிகாட்டி வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு 40 மில்லிகிரே, டி.எல்.பி. 505. அதற்குக் கீழேதான் இருக்கிறது. எடுத்தவர்கள் குழந்தைக்குரிய அளவை வைத்தே எடுத்திருக்கிறார்கள். பெரியவர்களின் தலைக்கு வைக்கும் அளவை அப்படியே போட்டிருந்தால் முதல் எண் 50, 60 என்று நின்றிருக்கும். டி.எல்.பி.-யை உடலுக்கான டோஸாக மாற்ற ஒரு பெருக்கெண் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்கு அது 0.004. பெருக்கினால் 1.5 மில்லிசீவர்ட் வருகிறது; உடலுக்கான டோஸை அளக்கும் அலகு அது. மண், பாறை, காற்று, வான்வெளி, உண்ணும் உணவு எல்லாவற்றிலிருந்தும் மனிதருக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்.

மைனி சொல்லும் நானூறு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.02 மில்லிசீவர்ட். பெரியவர் ஒருவருக்கு வயிற்று சிடி எடுத்தால் 8 மில்லிசீவர்ட் அளவுக்கு வரும். எட்டை 0.02-ஆல் வகுத்தால் நானூறு. கொரோனா காலத்தில், 2021-ல், முன்னூறு நானூறு என்று இந்தப் பேச்சு நெஞ்சு சிடியைப் பற்றி நாடு முழுக்கப் பரவியது. உங்கள் மகனின் ஸ்கேனுக்கு அதே கணக்கைப் போட்டால் 75 எக்ஸ்ரே வரும். எக்ஸ்ரேயில் வைத்து அளப்பதே எனக்கு உவப்பில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயின் அளவு மிகமிகச் சிறியது. அதனால் வகுத்தால் எதுவும் பூதாகாரமாகத்தான் தெரியும்.

ஆபத்து அறவே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 2012-ல் வந்த ஆய்வின் மதிப்பீடு: பத்து வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலை சிடி எடுத்தால், அடுத்த பத்தாண்டில் அதனால் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரக்கூடும். ஐரோப்பாவில் ஏறக்குறைய பத்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2023-ல் வந்த ஆய்வு, இன்றைய அளவில் சிடி எடுக்கும் 10,000 பிள்ளைகளில் 12 ஆண்டுகளுக்குள் ஒன்று அல்லது இரண்டு பேருக்குக் கூடுதலாக ரத்தம் சார்ந்த புற்றுநோய் வரலாம் என்கிறது. பிள்ளைகளின் உடலில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. முன்னால் நீண்ட ஆயுள் கிடக்கிறது. உடல் சிறியது, பெரியவருக்கு வைக்கும் அளவையே வைத்தால் உள்ளுறுப்புகளுக்குக் கதிர் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது. பத்தாயிரத்தில் ஒன்று என்பது, மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய இரவில் பொருட்டே இல்லை. "எதற்கும் ஒரு தடவை பார்த்துரலாம்" என்று எடுக்கும்போது மட்டும் அது பொருட்டாகிறது.

பின்னால் எப்போதாவது எடுக்க வேண்டி வந்தால் எங்கே தவறும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்னீஷியனிடம் பிள்ளையின் வயதையும் எடையையும் நீங்களாகவே சொல்லுங்கள், "குழந்தைக்குள்ள புரோட்டோகால் போடுவீங்களா?" என்று கேளுங்கள்; குழந்தைக்கென்று வைத்திருக்கும் கருவி அமைப்பு அது. கருவியின் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் பெரியவருக்கு 120 கே.வி. என்றால், சிறுபிள்ளையின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் 80 போதும். மற்றதை மாற்றாமல் இதை மட்டும் 120-ல் இருந்து 80-க்கு இறக்கினாலே டோஸ் பாதிக்கும் கீழே வந்துவிடும். எம்.ஏ.எஸ். என்கிற மின்னோட்டக் கணக்கு இன்னும் நேரடி: பாதியாக்கினால் டோஸும் பாதி. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும். கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்குத் தெளிவு இருந்தால் போதும். பளபளவென்று படம் வேண்டும் என்று அளவைக் கூட்டுவது பெரியவர்களிடமும் நடக்கும் தவறுதான்.

இன்றைய கருவிகள் உடலின் பருமனைப் பார்த்துத் தானே அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதற்கு, எங்கிருந்து எதுவரை எடுப்பது என்று பார்க்க முதலில் ஓடும் ஸ்கௌட் படம்தான் ஆதாரம். படுக்கை சரியான உயரத்தில் இல்லாமல் பிள்ளை எக்ஸ்ரே குழாய்க்கு அருகில் போய்விட்டால், ஸ்கௌட்டில் உடல் பெரிதாகத் தெரியும். பெரிய ஆள் என்று நினைத்துக் கருவி அளவைக் கூட்டிவிடும். லேசர் கோடுகளை வைத்து உடலைக் கருவியின் வளையத்துக்கு நடுவில் நிறுத்தும் அரை நிமிட வேலையை அவசரத்தில் விட்டுவிடுவதால் வருவது இது. ஈயத் துண்டை ஸ்கேன் ஓடும் இடத்தில் வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அதையும் கருவி தடித்த உடல் என்று எடுத்துக்கொள்ளும், படத்திலும் கோடு விழும். தலை ஸ்கேனில் கண்ணைக் காப்பாற்ற, தாடையைச் சற்றே தாழ்த்திப் படுக்கவைத்துக் கண்ணுக்கு மேலாகக் கோணம் வைத்துக்கொள்வதே முறை.

அசைவுதான் மிகப் பெரிய செலவு. தலை ஸ்கேன் ஓடுவது சில நொடிகள். அதற்குள் பிள்ளை தலையைத் திருப்பினால் மறுபடி எடுக்க வேண்டும், டோஸ் இரட்டிப்பு. கைக்குழந்தை என்றால் பால் கொடுத்துத் துணியில் இறுகச் சுற்றினாலே தூங்கிவிடும். நாலு வயதுக்காரனுக்கு அந்த வளையத்தை முன்கூட்டியே காட்டி, வீட்டில் "சிலை விளையாட்டு" பழக்கிக் கூட்டிப்போங்கள். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் வெறும் தண்ணீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், சோறு பலகாரம் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பாவம், பசியில் அழுகிறான் என்று வழியில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்கே போய்ச் சொல்லாமல் மறைப்பது உயிருக்கே ஆபத்து.

வயிறு அல்லது நெஞ்சு ஸ்கேன் என்றால் தாளில் ஒரு பொறி உண்டு. அந்த எண் உங்கள் பிள்ளையின் உடலில் அளந்தது அல்ல. பிளாஸ்டிக் உருளையில் அளந்ததை வைத்துப் போட்டது. தலைக்கு 16 சென்டிமீட்டர் உருளை, உடலுக்கு 32 சென்டிமீட்டர் உருளை. பிள்ளையின் வயிற்றுக்கு 32 உருளைக் கணக்கில் 5 மில்லிகிரே என்று தாள் காட்டினால், அந்தச் சின்ன உடலில் உண்மையில் விழுந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண் சின்னதாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். உருளையின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகளின் வயிற்று வலிக்கு, குடல்வால் சந்தேகம் உட்பட, முதலில் அல்ட்ராசவுண்டுதான். அதில் தெளிவாகவில்லை என்றால்தான் சிடி.

அந்தத் தாளை யாராவது பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் மூளை ரத்த ஓட்ட ஸ்கேனின் அமைப்பு தவறாகிப்போய், 18 மாதங்களில் 206 பேருக்கு எட்டு மடங்கு கதிர் போயிருக்கிறது. 2009-ல் ஒரு நோயாளி முடி கொட்டுகிறது என்று சொன்ன பிறகே அது வெளியில் வந்தது.

நீங்கள் முழுகாமல் இருப்பதைப் பற்றி: மகன் தலைக்குப் பட்ட கதிரில் ஒரு துளி சிதறி உங்கள் பக்கம் வந்திருக்கும். ஈயக் கவுன் போட்டிருந்ததால் கருவுக்குப் போனது ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. கருவில் ஊனம் போன்ற பாதிப்புக்கு யோசிக்கத் தொடங்குவதே 100 மில்லிகிரேக்கு மேல்தான். அதனால் கலைப்பது, பயப்படுவது எதற்கும் இடமே இல்லை. ஆனாலும் கர்ப்பிணி உள்ளே நிற்கக் கூடாது என்பதே விதி. அடுத்த முறை அவன் அப்பாவோ ஆச்சியோ நிற்கட்டும். ஸ்கேன் முடிந்த பிள்ளையிடம் கதிர் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. சுவிட்சை அணைத்ததும் எல்லாம் முடிந்தது. தாராளமாக மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடங்குளத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பொதுமக்களுக்கு வைத்திருக்கும் வரம்பே ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். நிலையத்தால் சுற்றியுள்ளவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. இயற்கைக் கதிர் கூடுதலாக உள்ள இடம் பார்க்க வேண்டும் என்றால் மணவாளக்குறிச்சிப் பக்கம் போங்கள். அங்கே கடற்கரை மணலிலேயே தோரியம் இருக்கிறது.

நீங்கள் மகனை நினைத்துத் தூங்காமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அப்பாவின் தாள்.

அதில் மூன்று வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சி.டி.டி.ஐ. 13.8, டி.எல்.பி. 620 சுமார். மொத்தம் 1,860. வயிற்றுக்கான பெருக்கெண் 0.015. கிட்டத்தட்ட 28 மில்லிசீவர்ட். வரிக்கு வரி பார்த்தால் எதுவும் அநியாயமில்லை. ஒரே இடத்தை மூன்று தடவை ஓட்டியிருப்பதுதான் விஷயம். படத்தில் வெள்ளையாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றும் மருந்தை ஏற்றும் முன் ஒன்று, ஏற்றியதும் ஒன்று, சற்றுப் பொறுத்து ஒன்று. கல் இருக்கிறதா, எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் பார்க்க, மருந்து ஏற்றாத முதல் ஓட்டம் ஒன்றே போதும். சொல்லப்போனால் மருந்து சிறுநீரில் இறங்கி வெள்ளையாகத் தெரியும்போது கல்லும் வெள்ளை, மருந்தும் வெள்ளை. சின்னக் கல் மறைந்துபோகும். சிறுநீரில் ரத்தம் போகிறது, கட்டி சந்தேகம், அறுவைக்கு முன் சிறுநீர்ப் பாதையின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று ஓட்டத்துக்கும் நியாயம் உண்டு. கடைசி ஸ்கேனுக்கு அப்படி ஏதாவது காரணம் இருந்ததா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் கல்லுக்கு என்றால், குறைந்த டோஸ் முறையில் 3, 4 மில்லிசீவர்ட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

மற்ற இரண்டு ஸ்கேனும் இப்படியே என்றால் ஒன்றரை வருடத்தில் 84 மில்லிசீவர்ட். ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே வரம்பு 100. நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது, இருக்கவும் கூடாது. தேவை என்றால் எடுத்தே ஆக வேண்டும். பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்புக் குழு எல்லா வயதினருக்கும் பொதுவாக வைத்திருக்கும் கணக்குப்படி 1,000 மில்லிசீவர்ட்டுக்கு நூறு பேரில் ஐந்து பேருக்குப் புற்றுநோய்ப் பாதிப்பு. அப்படியானால் 84-க்கு ஆயிரத்தில் நாலு பேருக்குப் பாதிப்பு. 58 வயதில் அது இன்னும் குறையும். தனி ஒருவருக்கு இதைப் பொருத்துவது சரியல்ல, அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் ஒன்பதில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வருகிறது என்கிறது தேசியப் பதிவேட்டின் கணக்கு. அப்பா பயப்பட வேண்டியதில்லை. நாலாவது, ஐந்தாவது ஸ்கேனைத்தான் நிறுத்த வேண்டும், ஏனென்றால் கல் வந்தவருக்குத் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்த முறை இடுப்பில் வலி பிடித்தால் முதலில் அல்ட்ராசவுண்டும் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரேயும் எடுக்கட்டும். கால்சியக் கல் எக்ஸ்ரேயில் தெரியும். தெரிந்த கல் இறங்குகிறதா என்று பார்க்க அதுவே போதும். யூரிக் ஆசிட் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அடைத்த சிறுநீரகத்தில் கிருமி ஏறினால் சில மணி நேரத்துக்குள் ஆள் விழுந்துவிடுவார். சிடியே வேண்டும் என்றால் சீட்டில் "மருந்து இல்லாமல், கல்லுக்கு மட்டும், குறைந்த டோஸ், ஒரே ஓட்டம்" என்று மருத்துவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டில் வெறுமனே வயிற்று சிடி என்று இருந்தால், சென்டரில் வழக்கமாக ஓட்டும் மூன்றையும் ஓட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்பா மிகவும் பருமனானவர் என்றால் குறைந்த டோஸ் முறையில் படம் தெளிவாக வராது என்று சொல்லக்கூடும். அது உண்மையான காரணம், ஏற்றுக்கொள்ளலாம்.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார் என்றால் குடிக்கட்டும். நம் பக்கத்து வெயிலில் வேர்வையாகவே பாதித் தண்ணீர் போய்விடுகிறது. ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைப் பாத்திரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டரை லிட்டர் வரும் வரை தண்ணீரைக் கூட்டச் சொல்லுங்கள். முந்தைய இரண்டு ஸ்கேனின் டோஸ் பக்கங்களையும் அந்தந்த சென்டரில் கேட்டு வாங்கி, மகனின் குறுந்தகட்டோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் காட்டப் போனாலும் அந்தக் கவர் கூடவே போகட்டும்.